இடது கைக்கு ஒரு சீப்பு

பள்ளிக்கூடச் சமையலறையில் ஹால்வரோடு நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அவன் கை சும்மா இருந்து பார்த்ததில்லை. அண்டாவில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருக்கும். அவன் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு பிர்ச் மரத்துண்டைக் கொக்கிக் கத்தியால் குடைந்துகொண்டிருப்பான். சூப் பொங்கினால் நான்தான் கத்த வேண்டும்.

"டேய், அடுப்பப் பாருடா! இன்னைக்குப் புள்ளைங்களுக்கு மரத்தூள் சூப்புதான்."

"நார்ச்சத்துடி. உடம்புக்கு நல்லது," என்பான், தலையைத் தூக்காமலே.

சுவீடனின் வடக்கே யாம்ட்லாண்டில் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் ஸ்டென்விக். இங்கே மரம் செதுக்கத் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளிர்காலம் அவ்வளவு நீளம், கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். மற்றவர்கள் வெண்ணெய்க் கத்தி, பறவைக் கூடு என்று ஏதோ செய்து திருப்திப்பட்டுக்கொள்வார்கள். ஹால்வரின் பித்து வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே ஏரிக்கரையில் இருந்தவர்கள் எந்தக் கிண்ணத்தில் கஞ்சி குடித்தார்கள், எந்தச் சீப்பால் தலை வாரினார்கள் என்பதுதான் அவன் கவலை. நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து எடுத்த கொம்புச் சீப்பு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. லீவு கிடைத்தால் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். அங்கிருந்த அம்மாள் ஒருமுறை துணியைக் கொண்டுவந்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டாளாம். "உங்க மூக்குத் தடத்த நீங்களே தொடச்சிட்டுப் போங்க," என்று.

அவன் மனைவி பல வருஷங்களுக்கு முன்பே பிரிந்து தெற்கே போய்விட்டாள். பெரிய சண்டை எதுவும் இல்லை. கொம்புத் தூள் படியாத மேசையில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்று சொன்னாள், போனாள். கொம்பை அறுக்கும்போது பல் வைத்தியரின் அறையில் வருமே, அந்தக் கருகல் வாடை அவன் வீட்டுத் திரைச்சீலையில்கூட ஏறியிருந்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

கொம்புச் சீப்பு ஒரே துண்டில் வராது. கொம்பைச் சின்னச் சின்னத் தகடுகளாக அறுத்து, வரிசையாக நிறுத்தி, இரண்டு பக்கமும் நீளமான பட்டை வைத்துப் பித்தளைக் கம்பியால் தைக்க வேண்டும். அதன் பிறகுதான் பல் அறுப்பது. ஒரு பல் உடைந்தால் அந்தத் தகடே போச்சு. கடைசிப் பல்லில் உடைத்துவிட்டு மறுநாள் சமையலறையில் யாரோடும் பேசாமல் உருளைக்கிழங்கு உரித்த ஹால்வரை நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு எதிர்வீடு குன்னெல். மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். குன்னெல் வயதானவர்களை வீடு வீடாகப் போய்க் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஊரில் பாதிக் கிழவர்களைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பது அவள் தோள்தான். காட்டுப் பாதையின் கோடியில் தனியாக இருந்த ஏவெர்ட் கிழவர் வேறு யாரையும் உள்ளே விடமாட்டார். மரம் வெட்டி வாழ்ந்த மனிதர், தொண்ணூறு தாண்டியும் முதியோர் இல்லத்துக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம். "குன்னெல் வந்துட்டிருக்கற வரைக்கும் நான் இங்கதான்," என்பார்.

சனிக்கிழமை மத்தியானம் ஹால்வர் அவள் வீட்டுக்குக் காப்பிக்குப் போவான். அவள் ஏலக்காய் பன் சுட்டு வைத்திருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஏதாவது உண்டா என்று ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. ஒன்றும் இல்லை. காப்பி உண்டு, பன் உண்டு, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது உண்டு, அவ்வளவுதான்.

இனி அந்தக் குளிர்காலத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து எல்க் மான் குதிரையை விடப் பெரியது. ஆண் மானைக் காளை என்போம், காளைகள் குளிர்காலத்தில் கொம்பை உதிர்த்துவிடும். கிழட்டுக் காளை சீக்கிரமே உதிர்க்கும், இளங்காளை மார்ச் வரைகூடத் தூக்கிக்கொண்டு திரியும். வேட்டைச் சங்கத் தலைவர் ரூனார் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்: "பனி கரையற வரைக்கும் கொம்பு பொறுக்க எவனும் மேல போகக் கூடாது. தின்ன ஒண்ணுமில்லாம எலும்பும் தோலுமா நிக்குதுங்க. ஓட விட்டா அதுங்களுக்கு அப்புறம் தெம்பு கிடையாது." ஹால்வருக்கும் இது தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அவனே எடுத்துச் சொன்னதும் உண்டு.

பள்ளிக்கூடத்துக்குப் பனிக்கால விடுமுறை. ஹால்வர் தன் பழைய அகலமான மரப் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னாலுள்ள சரிவில் ஏறினான். கொம்பு தேடப் போகவில்லை, சும்மா காற்று வாங்கத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டானாம். இளம் பைன் மரங்கள் நெருங்கி நின்ற இடத்தில், பனியின் மேல், ஒரு கொம்பு கிடந்தது. அடியில் ரத்தம்கூடக் காயவில்லை. பெரிய கொம்பு இல்லை, ஆனால் இளங்காளையின் கொம்பு, உள்ளே பஞ்சு குறைவு, எலும்பு தந்தம் மாதிரி கெட்டி. அதைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினால், மரங்களுக்கு நடுவே அந்தக் காளையே நிற்கிறது. ஒற்றைக் கொம்போடு, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து.

அருங்காட்சியகத்துச் சீப்புக்கு ஓர் உறையும் உண்டு. சீப்பும் உறையும் ஒரே மிருகத்தின் கொம்பில் செய்தவை. அதே நிறம், அதே நரம்பு. அப்படி ஒரு ஜோடி செய்ய வேண்டும் என்பது ஹால்வரின் நெடுநாள் ஆசை. அதற்கு ஒரே காளையின் இரண்டு கொம்பும் வேண்டும். ஒன்று பையில். மற்றது இதோ, இன்றோ நாளையோ விழப்போகிறது.

அவன் பின்னால் போனான். காளை நகர்ந்தது, அவனும் நகர்ந்தான். நின்றது, நின்றான். இடுப்பளவுப் பனியில் அது ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தது. ஒருமுறை மரத்தில் தலையைத் தேய்த்தது, கொம்பு ஆடியது, விழவில்லை. நெருக்கமான மரங்களுக்குள் கொஞ்சம் வேகமாக ஓடினால் கிளையில் இடித்து விழுந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

கையுறையைக் கழற்றினான். கை தட்டினான்.

அந்த அமைதியில் அது வெடிச் சத்தம் மாதிரிக் கேட்டதாம். காளை மரங்களுக்குள் ஓடவில்லை. திரும்பிச் சரிவில் இறங்கியது. கீழே பனி வாரிய சாலை. அந்த நேரத்தில் குன்னெல், ஏவெர்ட் கிழவருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அந்தச் சாலையில்தான் வந்துகொண்டிருந்தாள்.

ஹால்வர் சத்தத்தைக் கேட்டான். முதலில் தகரம் நசுங்குகிற சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. சரிவில் விழுந்து எழுந்து வந்து பார்த்தபோது கார் பள்ளத்தில் இருந்தது. மேற்கூரை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. கண்ணாடித் தூளெல்லாம் அவள் மடியில். காளை சாலையில் படுத்தபடி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு? ஹால்வரா?" என்றாளாம். "என் கை எங்க இருக்குன்னு பாரு. எனக்குத் தெரியல."

"இருக்கு. இருக்கு குன்னெல். அசையாத."

"நீ எப்படிடா இங்க வந்தே?"

"மேல... சறுக்கிட்டு இருந்தேன்."

"கடவுள் அனுப்பிருக்கார்டா உன்ன," என்றாள் குன்னெல். பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்குப் பிறகு கடவுள் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது.

ஹால்வர் போன் செய்தான். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினான். ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தம் வந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாவிட்டால் குளிரிலேயே போயிருப்பாள் என்று பிறகு டாக்டர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். அதனால்தான் விஷயம் இவ்வளவு சிக்கலானது.

ரூனார் தன் நாயோடும் துப்பாக்கியோடும் வந்து காளையின் வேதனையை முடித்தார். பிறகு, மட்டமத்தியானத்தில் இந்த மிருகம் ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடிவந்தது என்று யோசித்தவர் மாதிரி, அது இறங்கி வந்த தடத்தைப் பிடித்துக் கொஞ்ச தூரம் மேலே ஏறிப் போனார். திரும்பி வந்து யாரிடமும் எதுவும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விடுமுறை முடிந்து ஹால்வர் வேலைக்கு வந்தபோது பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். தலைமையாசிரியை கேக் வாங்கி வைத்திருந்தாள். அவன் ஒரு துண்டை வாங்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டதை நான் பார்த்தேன். அதிர்ச்சி போல என்று நினைத்தேன். பின்வாசல் படியில் அவன் உட்காரவே இல்லை. சூப் ஒருநாளும் பொங்கவில்லை.

அந்த வாரமே ரூனார் சமையலறைக்கு வந்தார். காகிதத்தில் சுற்றிய ஒன்றை மேசை மேல் வைத்தார்.

"மோதினப்போ கழண்டு பள்ளத்துல கெடந்துச்சு. நீ சீப்பு பண்றவனாச்சே. வச்சுக்க."

அந்த இரண்டாவது கொம்பு.

"எனக்கு வேணாம் ரூனார்," என்றான் ஹால்வர்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு." அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வேற யாருக்கு இது பயன்படப் போவுது, சொல்லு."

அவர் போன பிறகு நான், "ஏண்டா, தங்கக் கட்டி மாதிரி ஒண்ணக் கொண்டாந்து குடுக்கறாரு, மூஞ்சிய இப்படி வச்சுக்கறே?" என்றேன். அவன் கொம்பைக் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் நுழைத்து வைத்துவிட்டுக் கேரட் நறுக்கப் போனான்.

குன்னெல் வசந்தம் வரைக்கும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வலது தோளில் இரும்பு வைத்துத் தைத்தார்கள். கை பிழைத்தது, ஆனால் நெஞ்சுக்கு மேலே எழும்பாது. இனி ஒரு மனிதரைத் தூக்குவது என்பது நடக்காத காரியம். நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனபோது அவள் தலையணையில் சாய்ந்து ஹால்வரைப் பார்த்து இளித்தாள்.

"வாடா, என் ரட்சகா. ரூனார் அந்தக் கொம்ப உன்கிட்ட குடுத்தாராமே?"

"ம்."

"எனக்கு அதுல ஒரு சீப்பு பண்ணிக் குடு. இடது கைக்குத் தோதா. அந்தக் கழுத என் தோள ஒடச்சுதில்ல? தினம் காலையில அது கொம்ப வச்சே நான் தல வாரணும். அதுதான் என் பழி."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்தால் தோள் வலிக்கிறது என்று அலறிக்கொண்டே மறுபடி சிரித்தாள். ஹால்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னடா, முடியாதா? பெரிய மனுஷன் ஆயிட்டியா?"

"பண்றேன்," என்றான்.

அந்தச் சீப்பை அவன் எப்படிச் செய்தான் என்பதைப் பிற்பாடுதான் சொன்னான். முதலில் வேறொரு பழைய கொம்பில் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தானாம். அவளுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. பாதி அறுத்த பிறகு, இன்னொரு பொய்யா என்று தோன்றி அதைத் தூக்கி எறிந்தான். பிறகு அந்தக் காளையின் கொம்புகளை எடுத்தான். விழுந்து கிடந்ததில் தகடுகள், மோதிக் கழன்றதில் பக்கப் பட்டைகள். ஜோடி சேர்ந்துவிட்டது. அவன் ஆசைப்பட்ட அதே நிறம், அதே நரம்பு. கை தன் பாட்டுக்குச் செய்துகொண்டே போனது, அதுவும் மிக நன்றாக. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "பல்லு ஒண்ணுகூட ஒடையலடி," என்றான் என்னிடம். "ஒடைஞ்சுருக்கணும். நான் எதிர்பார்த்துட்டே அறுத்தேன். ஒண்ணுகூட ஒடையல." இடது கட்டைவிரல் பதிய ஒரு பக்கத்தில் சற்றே குழித்து, சாம்பலும் தோலும் வைத்துத் தேய்த்து, பால் நிறத்தில் ஒரு சீப்பு. அவன் வாழ்நாளில் செய்ததிலேயே அழகானது அதுதான். உறை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த குன்னெல் அந்தச் சீப்பைப் பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டினாள். சனிக்கிழமைக் காப்பி மறுபடி தொடங்கியது. பன் சுட அவளால் மாவு பிசைய முடியவில்லை, ஹால்வர் போய்ப் பிசைந்து கொடுத்தான். விறகு பிளந்தான், பனி வாரினான், வேலி அடித்தான். ஊர் அதைப் பார்த்து இன்னும் மெச்சியது. அவன் எவ்வளவு செய்தானோ அவ்வளவு நல்லவன் ஆகிக்கொண்டே போனான்.

மே மாதத்தில் ஏவெர்ட் கிழவரை நகரத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். புதிதாக வந்த பெண்ணை அவர் உள்ளே விடவில்லை, குன்னெலுக்குத் தூக்க முடியாது, வேறு வழியில்லை. சாமான் தூக்க ஹால்வரைக் கூப்பிட்டிருந்தார்கள். கிழவர் தன் முற்றத்து பிர்ச் மரத்தின் அடியில் புடைத்திருந்த பெரிய கழலையைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார்.

"இது மேல ரொம்ப நாளா உனக்கு ஒரு கண்ணுன்னு தெரியும். அறுத்துக்க. நல்ல கிண்ணம் வரும்."

"வேணாம், மரம் பட்டுப்போயிரும்."

"பட்டுப்போவட்டுமே. இங்க யாரு இருக்கப் போறா?"

ஹால்வர் அதை அறுக்கவில்லை. நாற்காலியை வண்டியில் ஏற்றிவிட்டுக் கிழவரையும் ஏற்றும்போது அவர் அவன் தோளைப் பிடித்தபடி, "குன்னெல் தூக்கற மாதிரி வராதுப்பா," என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். ஹால்வர் அன்று மத்தியானம் வேலைக்கு வரவில்லை.

ஜூலையில் ஏரிக்கரையில் பழங்கால விழா. கம்பளி அங்கி, தோல் இடுப்புவார், திறந்த நெருப்பில் மீன். ஹால்வர் ஒவ்வொரு வருஷமும் கிண்ணங்களும் சீப்புகளும் பரப்பி உட்காருவான். "பேன் பார்க்கணும், யாராவது வாங்க!" என்று கூவிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். அந்த வருஷம் வர மாட்டேன் என்றவனைக் குன்னெல்தான் இழுத்து வந்தாள். கிண்ணம் மட்டும் வைத்திருந்தான், சீப்பு ஒன்றுகூட இல்லை. நடுமத்தியானம் விழா நடத்துபவர் மேடைக்குக் குன்னெலைக் கூப்பிட்டார். அவள் இடது கையில் சீப்பை உயர்த்திப் பிடித்தாள்.

"இந்த எல்க் என்னக் கொல்லப் பார்த்துச்சு. அதோ, பாவாட கட்டின மாதிரி நிக்கறானே, அவன் என்னக் காப்பாத்தினான். அதோட விடாம, அந்த எல்க்கையே சீப்பாக்கிட்டான்!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. பிறகு கை தட்டினார்கள். குழந்தைகள், வெளியூர்க்காரர்கள், வேட்டைச் சங்கத்தார், நானும்தான். நிற்காமல் தட்டினோம். ஹால்வரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததைப் பார்த்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, "தட்டாதீங்க," என்றான். யார் காதிலும் விழவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் போனான். நான் போய்ப் பார்த்தபோது புல்லில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"வெயிலாடா? தண்ணி குடி."

"நான்தான்டி கை தட்டினேன்," என்றான். "மலையில. அத ஓட வச்சது நான்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. "வேணும்னா பண்ணே?" என்றேன். "அவ அந்த ரோட்டுல வருவான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா கை தட்டக் கூடாதுன்னு தெரியும்."

மறுநாள் காலை அவன் குன்னெல் வீட்டுக்குப் போனான். அவளே இதை எனக்குச் சொன்னாள், அதனால் அவன் தரப்புக்கு இனிப்புத் தடவிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவள் சமையலறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் உட்காராமல் நின்றபடியே சொன்னான். கொம்பு பையில் இருந்தது, மற்றதற்காகப் பின்தொடர்ந்தது, கையுறையைக் கழற்றியது, எல்லாம்.

அவள் சீப்பை மேசை மேல் வைத்தாள்.

"பிப்ரவரியிலேர்ந்து உனக்குத் தெரியும்."

"ஆமா."

"என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தப்பவும் தெரியும். நான் ரட்சகன்னு சொன்னப்போவும்."

"ஆமா."

"சனிக்கிழம சனிக்கிழம வந்து என் பன்ன தின்னே."

அவள் சீப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"எல்க் குறுக்க வந்துச்சுன்னா அது என் தலையெழுத்துடா. அத நான் சிரிச்சு முழுங்கிட்டேன். இத என்ன பண்றது? இப்ப நான் யாரத் திட்டறது? நீ எம்மேல போத்தினியே அந்தக் கம்பளிச் சட்ட, அதுக்கு நன்றி சொல்லவா, இல்ல காறித் துப்பவா?"

"மன்னிச்சுருன்னு கேக்க வரல, குன்னெல்."

"நல்லது. ஏன்னா அது எங்கிட்ட இல்ல. போ வெளிய."

அவன் சீப்பைப் பார்த்தான். அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "இது என்னுது. தோளக் குடுத்து வாங்கினது. போ."

அங்கிருந்து அவன் நேராக ரூனாரிடம் போனான். அவர் முற்றத்தில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். அவன் சொல்லத் தொடங்கியதுமே தூரிகையை வைத்தார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"இந்த ஊர்ல அவ்ளோ அகலமான பலகை வேற யாருகிட்ட இருக்கு? தடம் காளையோட தடத்து மேலயே போவுது. அன்னைக்கே பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சொல்றதுக்கா? கொம்பக் கொண்டாந்து உன் மேசையில வச்சனே. அப்ப நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த வாரம் சொல்லுவேன்னு நெனச்சேன்." மறுபடி தூரிகையை எடுத்தார். "ரொம்ப லேட்டாக்கிட்டப்பா."

அவர் கத்தவில்லை, திட்டவில்லை. வேட்டைச் சங்கத்திலிருந்து ஹால்வரின் பெயரை நீக்கினார்கள். ஊரில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் இதெல்லாம் ஒரு குற்றமா என்று தோளைக் குலுக்கினார்கள். தோளைக் குலுக்கியவர்கள்தான் அவனுக்குப் பெரிய தொந்தரவு. கடையில் ஒருவர், "ஒரு மான வெரட்டினதுக்கு இவ்ளோவா?" என்றபோது, வாங்க எடுத்த பாலை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கோடை முழுக்கக் குன்னெல் ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. அவன் பிளந்த விறகை அப்படியே மழையில் விட்டுவிட்டு வேறு ஆளிடம் வாங்கினாள். அவளுக்கு இப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு முறை போட்டுக் கொடுக்கும் வேலை. "நாள் பூரா நாற்காலி. ஒரு மனுஷரத் தொட்டுப் பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?" என்று என்னிடம் அழுதாள். அவள் கார் ஓட்டுவதையும் விட்டிருந்தாள். அந்தச் சாலையின் வளைவு வந்தாலே கால் தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்றாள்.

இலை உதிரும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை, அவளே தெருவைக் கடந்து வந்து ஹால்வரின் கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"ஏவெர்ட்டப் பார்க்கணும். பஸ்ஸு சனிக்கிழம இல்ல. நீ கொண்டுபோய் விடு, காத்திருந்து கூட்டிட்டு வா. பேச வேணாம்."

அவள் பின் சீட்டில் உட்கார்ந்தாள், டாக்ஸியில் உட்காருவது போல. அவன் அந்தச் சாலையில் ஆமை வேகத்தில் ஓட்டினான், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முதியோர் இல்லத்தில் ஏவெர்ட் கிழவர் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினார், தூக்கு என்பது போல. அவள் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் தடவினாள். கிழவருக்குக் கண் மங்கியிருந்தது.

"வாசல்ல யாரு நிக்கறது? உன் வீட்டுக்காரனா?"

"டிரைவர்," என்றாள் குன்னெல்.

ஹால்வர் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் வந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் பின் சீட்டில்தான். பனி கொட்டிய ஒரு நாள் பின் கதவு உறைந்து திறக்கவில்லை. அவன் இறங்கி வந்து இழுத்துப் பார்த்தான், வெந்நீர் கொண்டுவருகிறேன் என்றான். அவள் நின்று பார்த்துவிட்டு முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "கதவு திறக்கல, அதனாலதான்," என்றாள். அடுத்த வாரம் பின் கதவு சரியாகத்தான் இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

ஹால்வர் இப்போது கொம்பில் வேலை செய்வதில்லை. பிர்ச் கிண்ணங்கள் மட்டும் செய்கிறான், அதுவும் புயலில் விழுந்த மரத்தில். கை தட்டும் இடங்களுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷ முடிவில் பிள்ளைகள் பாடும்போது பின்கட்டில் நின்று பாத்திரம் துலக்குவான். ஒருநாள் அவனிடம், "போதும்டா, அவளே முன்னாடி வந்து உக்காந்துட்டா, நீ இன்னும் எவ்ளோ நாள் இப்படி?" என்று கேட்டேன்.

"அவ உக்காந்தது அவ கணக்கு," என்றான். "என் கணக்கு அவ தோளு."

சென்ற சனிக்கிழமை ஜன்னல் வழியாக அவர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். குன்னெல் இடது கையால் இருக்கைப் பட்டையை இழுத்துப் பூட்டத் தடுமாறினாள். அவன் உதவக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே பூட்டிக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, போகலாம் என்று தலையை ஆட்டினாள்.